போதமலைக்குக் கீழே

மாசி பிறந்துவிட்டால் நாமகிரிப்பேட்டையில் எந்தத் தெருவில் நின்றாலும் மஞ்சள் வேகிற வாசம்தான். கொப்பரையில் வெந்து, களத்தில் காய்ந்து, மெருகு போடும் டிரம்மில் உருண்டு, சாக்கில் ஏறும்வரை ஊரே அதன் பின்னால் ஓடும். செவ்வாய்க்கிழமை ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்துக் குவித்திருப்பார்கள். ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வரும் வியாபாரிகள் ஒரு விரலியை ஒடித்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், ஒன்றும் சொல்லாமல் அடுத்த குவியலுக்கு நகர்வார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தே எங்கள் அப்பாரு விலையைக் கணித்துவிடுவார். கணிப்பு சரியாகத்தான் இருக்கும். விலைதான் சரியாக இருக்காது.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர்ப்பெயர் நாகஸ்வரத்தால் பழக்கம். ஊரைச் சொன்னதும் "கிருஷ்ணன் ஊரா?" என்பார்கள். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் வாசிப்பை வானொலியில் கேட்டு விடிந்த காலைகள் உள்ளவர்கள் அவர்கள். கமிஷன் மண்டிக்காரர்கள் "மஞ்சள் ஊரா?" என்பார்கள். எதைக் கேட்டாலும் எங்களுக்குப் பெருமைதான். மஞ்சளுக்கு ஒன்பது மாதம் தண்ணீர் கட்ட வேண்டுமே, ஆறே இல்லாத ஊரில் அது எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

ஆறு இல்லை என்றாலும் மலை உண்டு. ஒரு பக்கம் போதமலை. எதிர்ப்பக்கம் கொல்லிமலை. ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற சாலையில் மெட்டாலா கணவாயைக் கடந்தால் ஜம்பூத்துமலையும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கணவாயில் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது; கோயிலைவிடக் குரங்குகளுக்குப் பேர் அதிகம். பஸ்ஸில் போகிறபோது சன்னலை மூடு என்று அம்மாயி அதட்டுவது இன்னும் காதில் இருக்கிறது. கொல்லிமலையில் விழுகிற மழை பல திசைக்குப் பிரிந்து போகும். சுவேத நதியாகித் தம்மம்பட்டி, கெங்கவல்லி வழியாக வெள்ளாற்றுக்கு ஒரு பங்கு. ஐயாறாகி, ஆகாய கங்கையில் விழுந்து, புளியஞ்சோலை வழியே காவிரிக்கு ஒரு பங்கு. கரைபோட்டான் ஆறாகிச் சேந்தமங்கலம் பக்கம் ஒரு பங்கு. பேர் வைக்காத ஓடைகளுக்குக் கணக்கில்லை. அவை அடிவாரத்திலேயே மண்ணுக்குள் இறங்கி எங்கள் கிணறுகளுக்கு வந்தன.

அப்பாரு காலத்தில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித்தான் இறைத்தார்கள். எனக்கு நினைவு தெரிந்தபோது மோட்டார் வந்துவிட்டது. சால் மாட்டுத் தொழுவத்தில் கவிழ்ந்து கிடந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு கிணற்றுப் படியில் உட்கார்ந்து கையால் மொள்ளலாம். "போதமலைல இடி இடிச்சா மூணாம் நாளு நம்ம கெணத்துல ஊத்து புடிச்சுக்கும்" என்பார் அப்பாரு. நிலத்தடி நீரியல் எதையும் அவர் படித்ததில்லை. மலையில் காடு இருக்கும்வரை கிணற்றில் நீர் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாதது, அந்தக் காட்டுக்குள் இருந்தவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்பது.

தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. சந்தை நாளில் மலைக்காரர்கள் இறங்கி வருவார்கள். தலையில் பலா, மலைவாழை, கடுக்காய், தேன், காட்டுப் புளி. எங்கள் வீட்டுத் திண்ணையில் சுமையை இறக்கிவைத்துச் சற்று உட்கார்ந்து போகிற பெரியவர் ஒருவர் இருந்தார். அப்பாரு அவரைக் கவுண்டரே என்றுதான் கூப்பிடுவார். இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடிகள் தங்களைக் கவுண்டர் என்றே சொல்லிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுச் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒருநாள் அவர் முகத்தைச் சுளித்தார்.

"உங்க தண்ணி கடுக்குதுங்க. எங்க ஊத்துத் தண்ணி இனிக்கும்."

"அப்பறம் என்ன கவுண்டரே, மலைல இருந்துதானே எங்களுக்கே வருது. உங்களுக்கு என்ன குறை?"

"வர்றது உங்களுக்குத்தானுங்களே. எங்களுக்கு நிக்கறதில்லீங்க."

அப்பாரு சிரித்தார். பெரியவர் சிரித்தாரா என்று நினைவில்லை. இந்தப் பேச்சின் பொருள் எனக்குக் கல்லூரி நாளில் அடிவாரத்து வடுகத்திலிருந்து போதமலை ஏறியபோதுதான் புரிந்தது. அப்போது அங்கே சாலை கிடையாது. கல்லும் வேரும் கலந்த ஒற்றையடித்தடம். சுமை இல்லாதவனுக்கே மூச்சு வாங்கும். மேலே கீழூர், மேலூர்; இன்னொரு பக்கம் கெடமலை. சித்திரை மாதம். ஊரிலிருந்து தள்ளி ஒரு பாறைச் சரிவின் கீழே ஊற்றுக்குழி. அதைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக நின்றன; பக்கத்தில் ஆளில்லை. குடம்தான் வரிசைக்கு நிற்கும், ஆள் முறை வருகிறபோது வந்தால் போதும் என்றார்கள். ஒரு பெண் குழிக்குள் இறங்கிக் கொட்டாங்குச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அடியில் மண் கலங்கியதும் நிறுத்துவார். தெளிகிறவரை காத்திருந்து மறுபடி அள்ளுவார். ராத்திரி முறை வந்தால் ராத்திரி. கரடி நடமாட்டம் இருந்தால் துணைக்கு ஓர் ஆள்.

மலையில் மழை அதிகம். ஆனால் சரிவில் விழுகிற நீர் நிற்பதில்லை. கடும்பாறை என்பதால் கிணறு வெட்டுவதும் லேசில்லை. போர் போட லாரி ஏற வழியில்லை. பாறை இடுக்கில் கசிகிற சுனைதான் ஆதாரம். கோடையில் அது சுருங்கிப்போகும்போது, அதே மலையின் நீரை வைத்து அடிவாரத்தில் நாங்கள் மஞ்சளுக்கும் பாக்குக்கும் பாய்ச்சிக்கொண்டிருப்போம். எங்களிடம் மோட்டார் இருந்தது, பிறகு போர் இருந்தது, மின்சாரம் இருந்தது. அவர்களிடம் கொட்டாங்குச்சி.

போதமலைப் பேர் செய்தித்தாளில் வருவது தேர்தலுக்குத் தேர்தல்தான். வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு அதிகாரிகள் மலையேறும் படம் தவறாமல் வரும். படத்துக்குக் கீழே ஜனநாயகத்தின் மகிமை பற்றி இரண்டு வரி இருக்கும். அதே தடத்தில் பிரசவ வலியோடு பெண்களைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்ததும் உண்டு. அதைப் படம் பிடிக்க யாரும் அதிகாலையில் ஏறியதில்லை. இப்போது வடுகத்திலிருந்தும் புதுப்பட்டியிலிருந்தும் ஏறத்தாழ 140 கோடி ரூபாயில் சாலைத் திட்டம் வந்திருக்கிறது. காப்புக்காடு என்பதால் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவரை போய்ப் பெற்ற அனுமதி அது. காட்டுக்குள் சாலை எதற்கு என்று நகரத்து நண்பர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் வீட்டுக்கு முன்னால் சாலை இல்லாவிட்டால் அந்த வருத்தத்தை நான் மதித்திருப்பேன்.

கொல்லிமலையின் கதை வேறு. அங்கே எழுபது கொண்டை ஊசி வளைவோடு சாலை முன்பே ஏறிவிட்டது. மலையாளிகள் தங்கள் வரலாற்றை மூன்று அண்ணன் தம்பிகளில் தொடங்குவார்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டவர்களில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்களாம். நாடு நாடாகப் பிரித்துக்கொண்டு, ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்கு நாட்டார் என்று தாங்களே நிர்வாகம் நடத்தியவர்கள். நீருக்கும் அங்கே கட்டுப்பாடு இருந்தது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் ஐயாற்றில் மீன் பிடிக்கக் கூடாது. வெட்டிய மீன் பொருந்தி மறுபடி நீந்தியது என்பது தலக்கதை. ஆடிப்பெருக்குக்கு நாங்கள் போகும்போது அந்த மீன்களுக்குப் பொரி போடுவோம். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும், ஓடையின் அந்தத் துண்டு யாராலும் கெடுக்கப்படாமல் இருந்தது.

சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த அந்த மலையில் மரவள்ளி ஏறியது எங்களால்தான். சேலம், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரத்து சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். சமவெளியில் விளைந்தது போதவில்லை. ரொக்கம் கிடைத்ததால் மலைக்காரர்களும் சாமைக் கொல்லையை மரவள்ளிக்கு மாற்றினார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாமையை நல்ல விலைக்கு எவன் வாங்கினான்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வந்து சிறுதானியங்களை மீட்கப் பாடுபட்டது பிற்பாடு நடந்தது. கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு மண் இளகும், அடுத்த மழையில் ஓடைக்குப் போகும். கீழே ஆலை பிழிந்து விட்ட கழிவுநீர் எங்கள் ஓடைக்குப் போகும். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஓடையைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். மலையையும் சமவெளியையும் ஒரே பயிர் இரண்டு விதமாகக் கெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய ஆபத்து மலையின் உச்சிக்கே வந்தது. பாக்சைட் என்பது உச்சியில் படிந்திருக்கும் நுண்துளைகள் கொண்ட செம்பாறை. மழை அதில் ஊறி, அடியில் உள்ள கடும்பாறையைத் தொட்டதும் பக்கவாட்டில் கசிந்து சுனையாக வெளியே வரும். உச்சியை வெட்டினால் சுனை போகும். சுனை போனால் ஓடை போகும். 1960களில் மேட்டூரில் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, மால்கோ, ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் இந்தப் பாறையை வெட்டியது. 1995-ல் அதை ஸ்டெர்லைட் குழுமம் வாங்கியது. பின்னாளில் வேதாந்தா என்று உலகம் அறிந்த அதே குழுமம். சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் வெட்டுகிறார்கள் என்று சேலத்துச் சூழல் ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள். 2008 வாக்கில் வெட்டு நின்றது.

அதே வேதாந்தா ஒடிஷாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கப் போனபோது நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மலை டோங்கிரியா கோந்துகளின் தெய்வம், அவர்களுடைய ஓடைகளுக்கெல்லாம் தலைமடை. 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம், முடிவைக் கிராமசபைகளே சொல்லட்டும் என்றது. 12 ஊர்களில் சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. கொல்லிமலையில் வெட்டு நின்றதற்கும் நியம்கிரியில் வெட்டே தொடங்காததற்கும் ஒரு வேறுபாடு உண்டு: இங்கே மலையாளிகளிடம் யாரும் கேட்கவில்லை. வழக்குப் போட்டவர்கள் நல்லவர்கள், நீதிமன்றம் கேட்டது, சந்தை நிலவரமும் சேர்ந்துகொண்டது, பிழைத்தோம். கேட்கிற முறை என்று ஒன்று உருவாகவில்லை. அதனால்தான் கொல்லிமலை ஓடைகளை மறித்துக் குழாய் வழியே கீழே இறக்கி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் வந்தபோதும், ஆகாய கங்கை என்ன ஆகும், ஐயாற்றை நம்பிய கீழ்மடை வயல்கள் என்ன ஆகும் என்று மக்கள் போராடித்தான் கேட்க வேண்டியிருந்தது.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் உண்டு. அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் 10 மாநிலங்களில் இருக்கின்றன. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பழங்குடிக் கிராமசபைகளுக்கு நீர், நிலம், சிறு கனிமம் பற்றிக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கொல்லிமலைக்கோ போதமலைக்கோ பொருந்தாது. சட்டசபையில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டே தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும். இரண்டும் எங்கள் பழைய சேலம் மாவட்டத்தில்தான். ஓட்டுப் போட மலையைக் கணக்கில் எடுத்தவர்கள், தண்ணீரைப் பற்றிக் கேட்க எடுக்கவில்லை.

கேட்காமல் விட்டதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியும் மலையாளிகள் ஊர்தான். 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊருக்குள் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. ஆடு மாடுகளை அறுத்து எச்சங்களைக் கிணற்றில் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வாச்சாத்தி பற்றிப் பேசும்போது கிணற்றை யாரும் முதலில் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அங்கே நடந்தது அவ்வளவு கொடுமை. ஆனால் ஓர் ஊர் திரும்பி வந்து குடியேறக் கூடாது என்று நினைக்கிறவன் கிணற்றைத்தான் கெடுப்பான். எங்கள் ஊரில் அந்தச் செய்தியைப் படித்தபோது திண்ணையில் வந்து உட்காரும் மலைக்காரர்கள் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் ஆட்களும் மஞ்சள் விலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

பூர்வகுடிகளின் தண்ணீர் வழக்கு உலகம் முழுக்க இப்படித்தான் போகிறது. அமெரிக்காவில் மொன்டானாவின் பூர்வகுடிகள் தொடர்பான வின்டர்ஸ் வழக்கில் 1908-லேயே, நிலத்தை ஒதுக்கினால் அதற்கான நீரையும் ஒதுக்கியதாகத்தான் பொருள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நூறாண்டு கழித்தும் அரிசோனாப் பக்கத்து நவஹோ பூர்வகுடிகளின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. அவர்கள் வழக்குக்குப் போனார்கள். 2023 ஜூனில் அதே நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், அந்த நீரைத் தேடிக் கொண்டுவந்து சேர்க்கும் கடமை அரசுக்கு ஒப்பந்தத்தில் இல்லை என்று முடித்துவிட்டது. தண்ணீர் உன்னுடையது, குழாய் உன் பாடு. வர்றது உங்களுக்கு, எங்களுக்கு நிக்கறதில்லை என்ற பெரியவரின் பேச்சு அரிசோனாவிலும் செல்லும்.

நாமகிரிப்பேட்டைக்கு இப்போது போனால் கிணறுகள் பல தூர்ந்து கிடக்கின்றன. எங்கள் கிணற்றில் அரசமரம் முளைத்திருக்கிறது. போர் ஆயிரம் அடிக்குப் பக்கம் போய்விட்டது. மஞ்சள் பரப்பு சுருங்கிப் பாக்கும் தென்னையும் சொட்டுநீரில் நிற்கின்றன. மலையில் இடி இடித்தால் மூன்றாம் நாள் ஊற்றுப் பிடிக்கும் என்று பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் கதை என்று நினைப்பார்கள். தண்ணீர் குறைந்ததும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலைமேல் கோபம் வருவதைக் கேட்டேன். மேலே தடுப்பணை கட்டிவிட்டான், மேலே மோட்டார் போட்டுவிட்டான் என்கிறார்கள். இரண்டு தலைமுறை மோட்டார் ஓட்டியவர்கள் சொல்கிற பேச்சு இது.

பழசைச் சொல்லி ஆகப்போவதில்லை. செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் ஒரு வழக்கால் பல ஆண்டு முடங்கிக் கிடந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. அந்தச் சட்டம் காட்டுக்குள் இருக்கும் நீர்நிலைகளில் அந்த ஊர்க்காரர்களுக்குச் சமூக உரிமை தருகிறது. அதன் 3(2) பிரிவு, காட்டு நிலத்தில் 13 வகை வசதிகளுக்கு இடம் கொடுக்கச் சொல்கிறது. பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் சாலையும் அதில் உண்டு. குளம், குடிநீர்க் குழாய், மழைநீர் சேகரிப்பு, சிறு பாசன வாய்க்கால் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராமசபையின் பரிந்துரை வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

வடுகத்துக்காரர்களும் புதுப்பட்டிக்காரர்களும் நாமகிரிப்பேட்டை மஞ்சள் விவசாயிகளும் மலைக்காரர்களோடு சேர்ந்து இதைக் கேட்க வேண்டும். போதமலைக்கு ஜல்லி ஏற்றிப்போகிற அதே லாரியில் குழாயும் தொட்டிக்கான சிமெண்டும் ஏற வேண்டும். கொல்லிமலையில் ஓடையைத் தொடும் எந்தத் திட்டமும் முதலில் அந்த ஓடைக்கரை ஊரின் சபையில் படிக்கப்பட வேண்டும். குடிநீர்க் குழாய்க்காக டெல்லிவரை போக வேண்டியதில்லை. 3(2) பிரிவின்கீழ் கோட்ட வன அலுவலரே அனுமதி கொடுக்கலாம்.